சரியான இடத்தில் தும்மியவள்

ரீவா காமின்ஸ்கி எதையும் மறக்கிற ரகம் இல்லை. மன்னிக்கிற ரகம் அதைவிட இல்லை. ப்ரூக்லின் பள்ளிக்கூடத்தில் தன் மீது மைக்கூட்டைக் கவிழ்த்தவளை நாற்பது வயதிலும் பெயர் சொல்லித் திட்டுவாள். அப்படிப்பட்டவளிடம் போய் ஆர்வில் டேகெட் தன் கைவரிசையைக் காட்டினான் என்றால், அவனுக்குக் கெட்ட காலம் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

இருவரும் பின்வாசல் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். பிராட்வேயில் நாடகம் முடிந்து நடிகர்களும் பாட்டுக்காரர்களும் வெளியே வருகிற வாசலில், மழையோ பனியோ, குறிப்பேடும் பேனாவுமாக நின்று கையெழுத்து வாங்குகிற கூட்டம் அது. ரீவா பதினான்கு வயதில் அதில் சேர்ந்தாள். ஆர்வில் அவளைவிட இரண்டு வயது மூத்தவன், ஆளும் நெட்டை, பேச்சும் நெட்டை. அந்தக் கூட்டத்துக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. முன்னால் நிற்பவரை இடித்துக்கொண்டு போகக் கூடாது, பேனா காய்ந்துபோனவருக்குத் தன் பேனாவைத் தர வேண்டும் என்கிற மாதிரி. ஆனால் காகிதம் விஷயத்தில் மட்டும் அது ஒழுங்கு இல்லை, பக்தி. ஜென்ம விரோதியின் காகிதமே ஆனாலும் கீழே விழுந்தால் பதறிப்போய்க் குனிந்து எடுத்து, ஊதி, துடைத்துத்தான் கொடுப்பார்கள். கையெழுத்து விழுந்த தாளுக்குத் தீங்கு செய்கிறவன் அந்தக் கூட்டத்தில் பிறக்கவே இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். எவ்வளவு அப்பாவிகள், பாருங்கள்.

பத்தொன்பது வயதில் ரீவாவுக்கு லாரிமோர் ஹோட்டலில் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை கிடைத்தது. பாட்டு எழுதுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்கள், ஆடுகிறவர்கள் எல்லோரும் தங்குகிற ஹோட்டல். யார் எந்த அறை, எப்போது வெளியே கிளம்புகிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பின்வாசல் கூட்டம் அவளை மகாராணி போல நடத்தியது. ஞாயிற்றுக்கிழமைகளில் காசு போட்டால் கண்ணாடிக் கதவு திறந்து சாப்பாடு தருகிற ஆட்டோமாட் கடையில் எல்லோரும் கூடி, தங்களிடம் இரண்டிரண்டாக இருக்கிற கையெழுத்துகளை மாற்றிக்கொள்வார்கள். அங்கே ரீவாவுக்கென்று ஜன்னலோரம் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும்.

1938 மார்ச்சில் ஒரு ஞாயிறு பிற்பகல், அவள் வாழ்க்கையின் பெரிய காரியம் நடந்தது. ஒன்பதாம் மாடியில் மெட்டமைப்பாளர் விட்டோ ரோசாட்டி தங்கியிருந்தார். அவருக்குப் பாட்டு எழுதுகிற லெஸ்டர் ஹால்பர்ன் இருந்ததோ கலிஃபோர்னியாவில். புது மெட்டு ஒன்றைத் தொலைபேசியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும் என்று ரோசாட்டி பிடிவாதம் பிடித்தார். இணைப்பு அறுந்து அறுந்து போனதால், காதை எடுக்காமல் நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொள் என்று ரீவாவிடம் சொல்லிவிட்டு, பியானோ மேல் ரிசீவரை வைத்து வாசிக்க ஆரம்பித்தார். ரீவாவுக்கு அன்று நல்ல சளி. பல்லவியின் மூன்றாவது வரியில், மெட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, அடக்க முடியாமல் ஒரு தும்மல் போட்டாள்.

பியானோ நின்றது. வேலை போச்சு என்று அவள் நினைத்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் கலிஃபோர்னியாவிலிருந்து ஹால்பர்ன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"விட்டோ, அந்த இடத்த அப்படியே விட்டுடுய்யா. அங்க பாட்டு ஒரு நிமிஷம் மூச்சு வாங்கட்டும்."

அப்படித்தான் 'எதிர்மாடிக்காரி' என்ற பாட்டில் அந்த நிறுத்தம் வந்தது. அமெரிக்கா முழுக்க அதைப் பாடினார்கள். கல்யாண வீட்டில், சவரக் கடையில், போருக்குப் போன கப்பலில், எங்கே பாடினாலும் மூன்றாவது வரியில் எல்லோரும் கப்பென்று வாயை மூடி, ஒரு தாளத்தட்டு இடைவெளி விட்டு, மறுபடி ஆரம்பிப்பார்கள். பாட்டு அச்சாகி வந்ததும் ரோசாட்டி முதல் பிரதியோடு தானே கீழே இறங்கி வந்தார். அட்டையில் எழுதியிருந்தார்: 'ரீவா காமின்ஸ்கிக்கு, சரியான இடத்தில் தும்மியவளுக்கு. விட்டோ ரோசாட்டி.' கொடுக்கும்போது அவர் வாயிலிருந்த சிகரெட் பொறி விழுந்து, கீழ் மூலையில் ஒரு பொத்தல் வேறு. ரீவா அதையும் சேர்த்துக் கொஞ்சினாள். ஆறு வருஷத்தில் ரோசாட்டி போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு அந்தத் தாள் ஒன்றுதான் அவளுக்குச் சாட்சி. அது இல்லாவிட்டால், நான் தும்மியதால்தான் அந்த நிறுத்தம் என்று ஒரு டெலிபோன்காரி சொன்னால் எவன் நம்புவான்?

1946இல் ஆர்வில் டேகெட் நாற்பத்தாறாம் தெருவில் கையெழுத்து விற்கிற கடை திறந்தான். திறப்பு வாரத்துக்கு மட்டும் அந்தத் தாளை ஜன்னலில் வைக்கக் கொடு என்று கெஞ்சினான். பனியில் நின்ற காலத்தில் தன் சூப்பில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தவன். ரீவா கொடுத்தாள். பத்தாம் நாள் அவன் ஆட்டோமாட்டுக்கு ஓடி வந்தான், கண்ணெல்லாம் சிவந்து. தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது, ஜன்னலில் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டது என்று அழுதான். ரீவாவும் அழுதாள். அதோடு விட்டாளா? அவன் முதுகைத் தடவிக் கொடுத்து, போனால் போகிறது, நீ என்ன செய்வாய் என்று தேற்றி, எலுமிச்சைப் பை என்கிற இனிப்புப் பலகாரம் ஒரு துண்டு வாங்கி அவன் முன்னால் வைத்தாள். அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுசாகத் தின்றான். பிற்பாடு மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் பைத் துண்டை நினைத்துத்தான் அவளுக்கு வயிறு எரியும்.

அடுத்த வருஷம் டேகெட் கடையின் அச்சிட்ட பட்டியல் யார் கையிலோ இருந்து அவள் கைக்கு வந்தது. அதில் 'எதிர்மாடிக்காரி' அட்டையின் படம். ரோசாட்டியின் கையெழுத்து. கீழ் மூலையில் சிகரெட் பொத்தல். மேலே அவள் பெயர் இருந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அடியில் ஒரு குறிப்பு: எவர் பெயரும் எழுதப்படாத சுத்தமான பிரதி.

ரீவா நேராகக் கடைக்குப் போனாள். டேகெட் மழுப்பக்கூட இல்லை. வாங்குகிறவர்களுக்கு அடுத்தவர் பெயர் போட்ட கையெழுத்து பிடிக்காது, பஞ்சில் மருந்தைத் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தால் மை போய்விடும், ஊரில் எல்லா வியாபாரியும் செய்வதுதான் என்று பாடம் நடத்தினான். அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் கடைசியில் அவனுக்குக் கோபம் வந்தது.

"உன் பேரு யாருக்கு வேணும் ரீவா? வாங்குறவன் அந்தத் தாளத் தனக்கே கொடுத்ததா நெனச்சு ரசிக்கணும். நடுவுல நீ எதுக்குக் குந்தியிருக்கணும்? அது ஒரு கறை. கறைய எடுத்தேன், அவ்வளவுதான்."

"கறையா?" என்றாள் ரீவா. "சரி ஆர்வில்."

வேறொன்றும் பேசாமல் படியிறங்கினாள். கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

முதல் சில வருஷங்கள் அவள் அவனுக்குத் தண்ணி காட்டினாள். இன்ன நடிகை இன்ன கப்பலில் வருகிறாள் என்று குரலை மாற்றித் தகவல் கொடுப்பாள். டேகெட் ஆலங்கட்டி மழையில் துறைமுகத்தில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, கப்பல் நேற்றே வந்துவிட்டது என்று தெரிந்து மூக்கொழுகத் திரும்புவான். ஒரு தடவை செருப்பால் தரையைத் தட்டித் தாளம் போட்டு ஆடுகிற பிரபல ஆட்டக்காரர் ஒருவர் தங்கியிருக்கிறார் என்று அவனை நம்ப வைத்து, பல் வைத்தியர்கள் மாநாட்டுக்குள் அனுப்பிவிட்டாள். ஆட்டோமாட்டில் கூட்டத்தார் அவனைக் கண்டால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டினார்கள். ஆனால் மனுஷர்கள்தானே. அவன் கடை பெரிதானது. ஒருத்தருக்கு வேண்டிய கையெழுத்து அவனிடம்தான் இருந்தது, இன்னொருத்தருக்கு விற்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாற்காலியாக அவன் பக்கம் திரும்பியது. 1952க்குள் ஜன்னலோரம் திரும்பாமல் இருந்தது ரீவாவின் நாற்காலி ஒன்றுதான். நீ இன்னுமா அதை விடவில்லை என்று மற்றவர்கள் அவளைக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வி கேட்ட ஒவ்வொருத்தரையும் அவள் மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

டேகெட்டுக்கு ஓர் ஆசை இருந்தது. ரோசாட்டியும் ஹால்பர்னும் சேர்ந்து போட்ட முதல் நாடகம் 'ப்ராங்க்ஸ் பேரரசி'. அதன் முதல் நாள் நிகழ்ச்சி நிரலின் அட்டை ஒன்று அவனிடம் இருந்தது. நாடகத்துக்குப் பிராணன் கொடுத்த பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இல்லாதது ஹால்பர்ன் ஒருவர்தான். ரோசாட்டி செத்த நாளிலிருந்து அவர் யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. ஏதோ ஒரு பல்கலைக்கழக நூலகம், பன்னிரண்டும் நிரம்பினால் அவன் சேகரிப்பை மொத்தமாக எடுத்துக்கொண்டு, ஓர் அறைக்கு டேகெட் அறை என்று பெயர் வைப்பதாகச் சொல்லியிருந்தது. அவன் இதை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான். அடுத்தவள் பெயரைக் கறை என்று துடைத்தவனுக்குத் தன் பெயரைக் கல்லில் வெட்டிப் பார்க்க ஆசை. ரீவாவுக்கு இது காதில் விழுந்த அன்று அவள் காப்பியை அப்படியே ஆற விட்டாள்.

1958 ஏப்ரலில் ஆறாம் மாடி அறையிலிருந்து ஒருவர் வெளி இணைப்புக் கேட்டார். பதிவேட்டில் பெயர் மிஸ்டர் க்ரீன். ஆனால் அது ஹால்பர்னின் குரல். கேட்டதும் ரீவாவுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை நீங்களும் மிஸ்டர் ரோசாட்டியும் பேசும்போது நடுவுல தும்மினது நான்தான்."

 கிழவர் மெதுவாக, "சளி சரியாப் போச்சாம்மா?" என்று கேட்டார். 

வேலை முடிந்ததும் மேலே போய் ஹால்பர்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தாள், பஞ்சு, மருந்து, கறை என்று அவன் சொன்ன வார்த்தை, ஒன்று விடாமல். தனக்கு என்ன வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். விட்டோ எழுதியதை அழித்தானா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். பிறகு, வரச் சொல் என்றார்.

பதினோரு வருஷம் கழித்து ரீவா தன் சொந்தக் குரலிலேயே டேகெட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். முதலில் அவன் நம்பவில்லை. பட்ட பாடு அப்படி. அவள் ஆறாம் மாடிக்கு இணைப்புக் கொடுத்தாள். ஹால்பர்ன் ஒரு வாக்கியம் பேசினார். வானொலியில் ஊரே கேட்ட குரல். இருபது நிமிஷத்தில் டேகெட், ரப்பர் உறை போட்ட அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஹோட்டல் முன்கூடத்தில் மூச்சிரைக்க நின்றான்.

ஹால்பர்ன் யாரையும் பார்க்க மாட்டார், நான்தான் எடுத்துப் போய் வாங்கி வர வேண்டும் என்றாள் ரீவா. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கொடுக்கவும் மனமில்லை, கொடுக்காமலும் முடியவில்லை. கடைசியில் கொடுத்தான். ஏன் கொடுத்தான் என்றால், அவள் பின்வாசல்காரி. தன்னை எவ்வளவு வெறுத்தாலும் காகிதத்தை வெறுக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அதில் அவன் கணக்கு சரிதான்.

"வெறும் கையெழுத்து மட்டும் போதும்னு சொல்லு ரீவா. வேற எதுவும் எழுத வேண்டாம். நம்ம பழைய கதைய மனசுல வெச்சுக்காத, என்ன?"

"காகிதத்துல என் விரல்கூடப் படாது, பயப்படாத" என்றாள் ரீவா.

போகிற வழியில் அவள் ஹோட்டலின் துணி அறைக்குள் நுழைந்தாள். படுக்கை விரிப்பிலும் துண்டிலும் ஹோட்டல் பெயர் எழுதுகிற மை அங்கே உண்டு. சோடாவில் வேக வைத்தாலும், வெளுப்பு மருந்தில் ஊற வைத்தாலும் போகாத மை. ஒரு புட்டியும் பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மின்தூக்கியில் பெட்டியைத் திறந்து அட்டையைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். பதினோரு பேரும் இருந்தார்கள். ஆட்டக்காரி பேர்ல் டூலி தன் பெயருக்குக் கீழே வழக்கமாக வரைகிற குட்டிச் செருப்பு. கோமாளி மோ ஃபிங்க் தலைகீழாகப் போட்ட கையெழுத்து. ஓரத்தில் ரோசாட்டியின் சாய்ந்த எழுத்து. நடுவில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவு இடம் காலி. அவன் கையை வைக்காமல் இருந்தால் இதற்கு ஒன்றும் ஆகாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் கை சும்மா இருக்காது என்பதும் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆறாம் மாடி வந்தது. அவள் இறங்கினாள்.

ஹால்பர்ன் மையை முகர்ந்து பார்த்தார். "என்னம்மா, சட்டைக்குப் போடுற மை மாதிரி இருக்கு?"

"அதேதான் சார்."

"அழிக்கப் பாப்பான்றியா?"

"பாப்பான் சார்."

கிழவர் பதினோரு பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரோசாட்டியின் எழுத்தில் கட்டை விரலை ஒரு நிமிஷம் வைத்திருந்தார். பிறகு நடு இடத்தில், கொட்டை எழுத்தில் எழுதினார்: 'ரீவா காமின்ஸ்கிக்கு. அந்த நிறுத்தம் உன்னுடையது. லெஸ்டர் ஹால்பர்ன்.'

கீழே டேகெட் பெட்டியைத் திறந்தான். அவன் முகத்தில் ஒவ்வொரு நிறமாக வந்து போனதை ரீவா ஆசை தீரப் பார்த்தாள். பதினோரு வருஷமாகப் பசியோடு இருந்தவள் சாப்பிடுகிற மாதிரி பார்த்தாள்.  அவன் அட்டையைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போய்விட்டான்.

அவள் நினைத்தபடியேதான் நடந்தது. பெயர் போட்ட தாள் வேண்டாம் என்று நூலகம் சொல்லவே இல்லை, அப்படியே கொடுத்திருந்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டிருக்கும் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் டேகெட்டுக்குத் தாங்கவில்லை. தன் பெயர் வைத்த அறையில், நடு நாயகமாக, கண்ணாடிக்குள் ரீவா காமின்ஸ்கி உட்கார்ந்திருப்பதா? முதலில் பஞ்சு நுனியால் ஒற்றினான். மை அசையவில்லை. மருந்தைக் கெட்டியாக்கினான். அதற்கும் அசையவில்லை. கைதேர்ந்தவன், நிறுத்த வேண்டிய இடம் தெரிந்தவன்தான். கோபம் கண்ணை மறைத்துவிட்டது. மேலும் மேலும் ஊற்றினான். மருந்து பரவிக்கொண்டே போனது.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் அவன் ஹோட்டலுக்கு வந்து, இணைப்புப் பலகை அறைக் கதவைத் தட்டாமல் திறந்து, அந்த அட்டையை அவள் மடியில் போட்டான். சவரம் செய்து நாலைந்து நாள் இருக்கும். அட்டை மஞ்சளாகி, விளிம்பு சுருண்டு, மருந்து நெடி அடித்தது. பதினோரு கையெழுத்தும் போய்விட்டன. இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளிர்நீலப் பூஞ்சை மாதிரி ஏதோ மிச்சம். நடுவில் அவள் பெயரும் ஹால்பர்ன் பெயரும் நேற்று எழுதியது போலக் கறுப்பாக இருந்தன.

"நீதான் இதக் கொன்னுட்ட."

"நான் எழுத வெச்சேன். கழுவினது நீ."

அவன் உதடு கோணியது. திரும்பிப் போனான். நூலகம் கைவிரித்தது, அறையும் இல்லை, கல்லும் இல்லை. தன் கையாலேயே பதினோரு பேரைக் கழுவியவன் என்ற பேச்சு பரவி, ஆட்டோமாட்டில் மறுபடியும் எல்லா நாற்காலியும் திரும்பிக்கொண்டன. இந்தத் தடவை அவை கடைசிவரை அவன் பக்கம் வரவில்லை. ரீவா அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. செய்தி கேட்கும்தோறும் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அன்று மதியம் அவன் போன பிறகு, பலகையில் இணைப்புக் கேட்டு நாலு விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, அவள் அட்டையைக் கண்ணுக்கு அருகே வைத்து அந்தக் குட்டிச் செருப்பைத் தேடினாள். சாய்த்துப் பார்த்தாள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். ரோசாட்டியின் எழுத்து இருந்த ஓரத்தை விரலால் தடவினாள். பதினோரு பேரில் எட்டுப் பேர் செத்துப்போயிருந்தார்கள். இனி அவர்கள் எங்கே வந்து எழுதித் தரப் போகிறார்கள்? அழிந்த ஒரு பெயருக்கு ஈடாகப் பதினொன்று போய்விட்டது. அதைக் கழுவியவன் அவன்தான், ஆனால் மையைத் தேடிப் போனவள் யார் என்று அவளுக்குத் தெரியும்.

மறுபடி செய்வாயா என்று தங்கை ஃபேனி ஒருமுறை கேட்டாள். செய்வேன் என்று உடனே சொல்லிவிட்டு, ரீவா எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

அதன்பிறகு இருபத்து மூன்று வருஷம் உயிரோடு இருந்தாள். அந்த அட்டையை அவள் சுவரில் மாட்டவில்லை, மேஜை இழுப்பறையில் வைத்திருந்தாள். பின்வாசல் கூட்டத்தில் யாராவது வீட்டுக்கு வந்து கேட்டால் எடுத்துக் காட்டுவாள். வந்தவர்கள் நடுவில் இருக்கிற அவள் பெயரைப் படித்துச் சிரிப்பார்கள். அவளோ அதைப் பார்க்கவே மாட்டாள். வெறுமையான ஒவ்வோர் இடத்திலும் ஆள்காட்டி விரலை வைத்து, இது பேர்ல் டூலி, இது மோ ஃபிங்க், இது விட்டோ என்று பதினோரு பேரையும் வரிசை தவறாமல் சொல்லி முடித்த பிறகுதான் அட்டையை உள்ளே வைப்பாள்.